பெட்டி எறிந்த மூச்சு

உடையார்கட்டில் அந்த வீட்டுப் படலைக்கு ஒரு குணம் உண்டு. தள்ளினால் திறக்காது; கொஞ்சம் தூக்கிப் பிறகு தள்ள வேண்டும். றஞ்சனிக்கு அது பழகிப்போன விசயம். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு படலையைத் தூக்கித் தள்ளி உள்ளே வந்தாள். ஆவணி மாதத்து உச்சி வெயில். சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது. முற்றத்துப் பூவரசின் கீழ்க் கோழிகள் வாயைப் பிளந்தபடி கிடந்தன.

"அன்ரி, நிக்கிறியளோ?"

"நிக்காமல் நான் எங்கை போறது? வாங்கோ பிள்ளை."

குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்தபடி புனிதம் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், முல்லைத்தீவுக் கரையில் கரைவலைக்காரக் குடும்பத்துப் பெண். கணவனைக் கடல் எடுத்தது. வீட்டை இடப்பெயர்வு எடுத்தது. மிஞ்சிய ஒரே மகள் பிறின்சியைக் கூட்டிக்கொண்டு வந்து, சொந்தக்காரர் கொழும்புக்குப் போய்விட்ட இந்தப் பழைய ஓட்டு வீட்டில் ஒதுங்கினாள். பெரிய வீடுதான். ஆனால் பாதி ஓடு செல் விழுந்து உடைந்துபோய்விட்டது. பக்க அறைக்கு மட்டும் தகரம் போட்டிருந்தது. அது பிறின்சியின் அறை.

பிறின்சி இப்போது அதில் இல்லை. தொய்வு என்கிற மூச்சிழுப்பு வருத்தத்துக்கு மருந்தெடுக்கவென்று போன ஐப்பசியில் வவுனியாவுக்குப் போனவள். போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. பிறகு சண்டை பெருத்துப் பாதை மூடப்பட்டது. பாதை திறந்தபோது அவளைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதைக் கண்டேன் என்றார் ஒருவர். கொழும்புக்குப் போய்விட்டாள் என்றார் இன்னொருவர். இரண்டில் எது உண்மையென்று தெரிந்தவர் யாருமில்லை.

றஞ்சனி சைக்கிளை வீட்டு முன்கூடத்துக்குள் ஏற்றி ஸ்ராண்டில் நிறுத்தி, கரியரில் துவாயால் சுற்றிக் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்தாள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்துவிட்டு, சனமெல்லாம் வன்னியை விட்டு ஓடுகிற நேரத்தில் வன்னிக்குத் திரும்பி வந்தவள் றஞ்சனி. "விசரி" என்று பெற்ற தாயே சொன்னாள். வந்தவள் தேவாலயப் பங்கின் நிவாரண நிலையத்தில் சேர்ந்து, அங்கிருந்தும் இங்கிருந்தும் பொறுக்கிய சாமான்களால் இந்தப் பெட்டியைச் செய்தாள். கசெற் இல்லை, சுழலும் சக்கரம் இல்லை. மனிதக் குரலை எண்களாக்கி ஒரு சின்ன மின்சில்லுக்குள் அடைத்து வைக்கும். வன்னியில் பற்றரிக்குத் தடை. ஆகவே சைக்கிள் டைனமோவில் வயரைக் கொழுவி மிதித்தால் பேசும், மிதிப்பதை விட்டால் வாயை மூடிக்கொள்ளும். நிலையத்து லொறி வவுனியாவுக்குப் போகும்போது இங்கத்தைய சனத்தின் குரல் அதில் போகும். முகாமில் இருப்பவர்களின் குரல் திரும்பி வரும். கடதாசியில் எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதினால் அழுகை வருகிறவர்களுக்கும் அது பெரிய உபகாரம்.

ஒரேயொரு குறை, இடம். இருக்கிற மின்சில்லு ஒன்றுதான். இருபது நிமிடக் கதைக்கு மேல் கொள்ளாது. இன்னொன்று வாங்கலாமென்றால் சோதனைச்சாவடியைத் தாண்டாது. ஆகவே றஞ்சனி ஒரு வழி செய்தாள். பெட்டி நிரம்பினால் பச்சைப் பொத்தானை அமர்த்த வேண்டும். உள்ளே கிடக்கும் குரல்களைப் பெட்டி தானே சுருக்கும். முதல்முறை அமர்த்தினால், பேச்சுக்கு நடுவே வருகிற இடைவெளியையும் மூச்சையும், அவள் வகுத்த அளவுக்குக் கீழான எல்லாச் சத்தத்தையும் வெட்டி எறியும். இரண்டாம் முறை, பின்னால் கேட்கிற காற்றையும் மழையையும் இரைச்சலையும் எறியும். மூன்றாம் முறை, குரலின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும். சொல் மட்டும் நிற்கும். சொல்தானே முக்கியம் என்பது றஞ்சனியின் கணக்கு.

"சுளகிலை புடைக்கிற மாதிரி அன்ரி," என்று புனிதத்துக்கு ஒருமுறை விளங்கப்படுத்தியிருக்கிறாள். "பதர் பறந்திடும். நெல்லு நிக்கும்."

பிறின்சியின் குரலை அப்படி மூன்று தரமும் புடைத்தாயிற்று. மற்றவர்களின் குரல்களெல்லாம் கேட்கப்பட்டு, அழிக்கப்பட்டு, புதியவை வந்துபோயின. இது மட்டும் கிடந்தது. "அழிச்சுப் போடாதேங்கோ பிள்ளை" என்று புனிதம் ஒவ்வொரு முறையும் கையைப் பிடிப்பாள். கசெற்றில் ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று றஞ்சனி முயன்றும் பார்த்தாள். வேறு யாருடைய குரலும் ஏறியது. பிறின்சியுடையது ஏறவில்லை; கசெற்றில் வந்தது வெறும் இரைச்சல். ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததை வயர் பழுது என்று தள்ளிவைத்தாள்.

இப்போது இன்னும் சுருக்க அதில் எதுவும் மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை லொறி போகிறது. பேசக் காத்திருக்கிற சனம் நிலையத்து வாசலில் நிற்கிறது. அழித்துவிட அனுமதி கேட்கத்தான் றஞ்சனி வந்தாள். படலையிலிருந்து குசினி வரை அதற்கான வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வந்தும் ஒன்றும் அகப்படவில்லை.

புனிதம் வெறுந்தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அன்ரி, நான் வந்தது…" என்று றஞ்சனி தொடங்கினாள்.

"மெல்லமாக் கதையுங்கோ பிள்ளை," என்றாள் புனிதம். "அவள் படுத்திருக்கிறாள்."

"ஆர்?"

"பிறின்சி."

றஞ்சனி தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோகாமலே பிடித்துக்கொண்டிருந்தாள். புனிதத்தின் முகத்தில் பைத்தியத்தின் அறிகுறி ஒன்றுமில்லை. குழந்தையை நித்திரையாக்கிவிட்டு வந்த தாயின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"முதல் வந்தது இழுப்பு," என்றாள் புனிதம் கிசுகிசுப்பாக. "நீங்கள் அவளின்ரை குரலைக் கொண்டந்து போட்டுக் காட்டின அண்டைக்குப் பின்னேரமே. அறைக்குள்ளை பூனை படுத்திருந்து மூச்சு விடுகுதாக்கும் எண்டு தடியோடை போனனான். பூனையில்லை. பிறகு தைப்பொங்கல் முடிய வந்து குரலைச் சின்னனாக்கினியளே, அண்டைக்கு மழை."

"மழையோ?"

"வெளியிலை ஒரு துளி விழேல்லை. அவளின்ரை அறைத் தகரத்திலை மட்டும் சத்தம். ஓடிப்போய்த் தொட்டுப் பாத்தன், தகரம் சுட்டுது. பிறகு வைகாசியிலை, வற்றாப்பளை அம்மன் பொங்கல் கிட்டத் திரும்பவும் சின்னனாக்கினியள். அதுக்குப் பிறகு கதைக்கிறாள், பிள்ளை. சொல்லு விளங்கேல்லை. அடுத்த வளவிலை ஆரோ கதைக்கிற மாதிரி ராகம் மட்டும் கேக்கும். அது அவளின்ரை ராகம். எனக்குத் தெரியாதோ?"

றஞ்சனி தேத்தண்ணியை நிலத்தில் வைத்தாள்.

எந்தத் தடவை எதை எறிந்தாள் என்று அவள் புனிதத்துக்குச் சொன்னதில்லை. பதர் என்றுதான் சொன்னாள். முதலில் மூச்சு. பிறகு மழை. பிறகு ராகம்.

ஒழுங்கு பிசகவில்லை.

வெயில், பசி, தனிமை. இந்த மூன்றும் சேர்ந்தால் மனிசருக்கு எதுவும் கேட்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். படித்தவர்கள் பயம் வந்தால் காரணம் தேடுவார்கள்; அது ஒரு விதமான செபம். "ஒருக்கால் போட்டுப் பாப்பம் அன்ரி," என்றாள். "நீங்கள் மிதியுங்கோ."

புனிதம் சேலையை ஒதுக்கிச் சைக்கிளில் ஏறினாள். பின்சில்லு சுழன்றது. டைனமோ முனகத் தொடங்கியது. பெட்டியின் சிவப்பு லைற் பற்றி, மங்கி, நிலைத்தது. றஞ்சனி பேசவைக்கிற பொத்தானை அமர்த்தினாள்.

"அம்மா நான் சுகமா வந்து சேந்திட்டன் இஞ்சை சாப்பாடு தருகினம் டொக்டரும் வாறவர் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ…"

இடைவெளி இல்லை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. றோட்டோரப் பெயர்ப்பலகைகளை யாரோ வாசிப்பது மாதிரி இருந்தது. இதைத்தான் இந்தத் தாய் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்க றஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது பக்க அறைக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மெல்லிய இழுப்பு. நெஞ்சுக்குள் எங்கோ ஓட்டை இருந்து, அதன் வழியே காற்று விசிலடிக்கிற இழுப்பு.

முற்றத்தில் கோழிகளின் சத்தம் நின்றது.

றஞ்சனி கையை உயர்த்தினாள். புனிதம் மிதிப்பதை நிறுத்தினாள். சில்லு மெதுவாகி நின்றது. லைற் அணைந்தது. பெட்டி வாயை மூடியது.

அறைக்குள் இழுப்பு நிற்கவில்லை.

அதற்கு மேல் தகரத்தில் ஒரு துளி. இன்னொரு துளி. பிறகு சோவென்று மழை. முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வாசலால் பார்த்தால் புழுதி பறப்பது தெரிந்தது. மழை வாசம் மட்டும் அறைக் கதவிடுக்கால் கசிந்து வந்தது. முகாம்களில் நனைந்த பாயும் டெற்றோலும் சேர்ந்து மணக்குமே, அந்த வாசம்.

"பாத்தியளோ?" என்றாள் புனிதம் சந்தோசத்தோடு. "நான் பொய் சொல்லேல்லை."

யாரும் மிதிக்காமல் சைக்கிள் சில்லு சுழலத் தொடங்கியது.

லைற் பற்றியது. பெட்டி பேசியது. ஒரு சொல் பெட்டிக்குள்ளிருந்து. ஒரு மூச்சு அறைக்குள்ளிருந்து. பிறகு அடுத்த சொல். மூச்சு வருகிற வரைக்கும் பெட்டி காத்துக்கொண்டு நின்றது. காத்து நிற்க அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதைச் செய்தவளுக்கு அது தெரியும்.

"அம்மா…"

இழுப்பு.

"நான் சுகமா…"

இழுப்பு. இருமல். நீண்ட இழுப்பு.

"வந்து சேந்திட்டன்."

கிழித்த கடதாசியின் இரண்டு துண்டும் பொருந்துவது மாதிரிப் பொருந்திப் போயின. இதுதான் அன்றைக்கு வவுனியா முகாமில் பேசப்பட்டது. மழைநாள். தகரக் கொட்டில். ஒரு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு எடுக்க வேண்டிய நிலையில் இருந்த ஒரு பெண், "சுகம்" என்று சொன்னாள்.

அதை ஒருவரும் கேட்கவில்லை. பேசுகிறவர் தனியே இருந்து மனம்விட்டுப் பேசட்டும், வேறு ஆட்கள் அறைக்குள் நிற்கக் கூடாது என்பது றஞ்சனி வைத்த சட்டம். லொறிச் சாரதி ராசு அந்தச் சட்டப்படி வெளியில், நீட்டி இழுத்த வயரோடு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தான். பெட்டி நிரம்பியதும், அவள் சொல்லிக்கொடுத்தபடி பச்சைப் பொத்தானை அமர்த்தினான். பிறின்சியின் மூச்சைக் கேட்டது பெட்டி ஒன்றுதான். அதுவும் பதர் என்று எறிந்துவிட்டு, சொல்லை மட்டும் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தது.

புனிதத்தின் முகத்தில் இருந்த சந்தோசம் மெல்ல மெல்ல வடிந்தது. அவளும் இப்போதுதான் சொல்லையும் மூச்சையும் சேர்த்துக் கேட்கிறாள்.

"இவ்வளவு இழுப்போடையோ," என்றாள், "இவள் எனக்குச் சுகமெண்டு சொன்னவள்?"

றஞ்சனிக்குப் போன ஐப்பசி ஞாபகம் வந்தது. இதே வீடு, இதே சைக்கிள். முதன்முதலாகக் குரலைப் போட்டுக் காட்டியபோது புனிதம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டாள். "இழுப்புக் கேக்குதோ பிள்ளை? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்." றஞ்சனி பெருமையோடு சொன்னாள்: "துப்பரவாக் கேக்கேல்லை அன்ரி. எவ்வளவு தெளிவாக் கதைக்கிறா பாருங்கோ." தன் பெட்டியின் தெளிவைத்தான் அவள் சொன்னாள். புனிதம் தன் மகளின் சுகத்தை என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் புனிதத்தின் கையில் ஒரு நீலநிறப் பம்ப் இருந்தது. தொய்வுக்காரர் வாயில் வைத்து அமர்த்தி இழுப்பார்களே, அது. பிறின்சி போன பிறகுதான் இங்கே கிளினிக்குக்கு வந்து, கெஞ்சி வாங்கியது. அடுத்த லொறியில் கொடுத்துவிட என்று வைத்திருந்தாள். "அப்ப அவளுக்கு அங்கை மருந்து கிடைச்சிட்டுது," என்று சொல்லி, பம்பை மாதா சுரூபத்தடியில் வைத்துவிட்டாள். அடுத்த லொறிதான் பாதை மூடுமுன் போன கடைசி லொறி.

பம்ப் இப்போதும் அங்கேயே இருந்தது. சுற்றி வந்த மட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல்.

"அன்ரி…" என்றாள் றஞ்சனி.

"பதரெண்டு சொன்னியள், பிள்ளை."

புனிதம் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் றஞ்சனி தாங்கியிருப்பாள்.

"இந்த மூச்சு என்ரை காதிலை விழுந்திருந்தா, நடந்தெண்டாலும் போயிருப்பன். காடு தாண்டிப் போயிருப்பன். ஆர் மறிச்சாலும் போயிருப்பன்." சில்லு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. புனிதம் சைக்கிளிலிருந்து இறங்கி, பெட்டிக்கு முன்னால் குந்தினாள். "நீங்கள் இதை அழிக்கக் கேக்கத்தானே வந்தனீங்கள்? உங்கடை முகத்திலை கண்டனான். அழியுங்கோ."

"இல்லை அன்ரி. வேண்டாம். இதையும் அழிச்சா ஒண்டும் மிஞ்சாது."

"அந்தச் சொல்லு பொய், பிள்ளை. நான் பயப்பிடக் கூடாதெண்டு அவள் சொன்ன பொய். மூச்சுத்தான் உண்மை. பொய்யை இதுக்குள்ளை வைச்சுக் கும்பிட்டுக்கொண்டிருந்தது போதும்."

அழிக்க அனுமதி கேட்க வந்த றஞ்சனி இப்போது வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். பிடித்த கையைப் புனிதம் மெல்ல விலக்கினாள். எந்தப் பொத்தான் என்று கேட்கவில்லை. எத்தனை முறை அதைப் பார்த்துப் பயந்திருப்பாள். அழிக்கிற கறுப்புப் பொத்தானை அமர்த்தினாள்.

லைற் அணைந்தது. சில்லு நின்றது.

மழை நின்றது. இழுப்பு நின்றது.

எல்லாம் போய்விட்டது என்று றஞ்சனி நினைத்தாள். வீடு அப்படி அமைதியாக இருந்தது. பூவரசு இலை விழுந்தால் கேட்கும்.

"அம்மா."

பெட்டியிலிருந்து அல்ல. அறையிலிருந்து.

குரல் முழுதாக இருந்தது. ராகத்தோடு, மழையோடு, மூச்சோடு. இருபத்திரண்டு வயதுப் பெண் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் விளிம்பில் இருந்து பேசுவது போல. "நான் சுகமா… வந்து சேந்திட்டன். இஞ்சை சாப்பாடு… தருகினம். டொக்டரும் வாறவர். ஒண்டுக்கும்… யோசியாதேங்கோ. கோழியளைக் கவனமாப் பாருங்கோ. அடுத்த லொறியிலை… கதைக்கிறன்."

இவ்வளவுதான் பெட்டிக்குள் இருந்தது. இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை.

குரல் ஓய்ந்த பிறகும் மூச்சு இருந்தது. எழும்பிப் போக ஏலாமல், முகாமில் பேசின கதிரையிலேயே இருந்திருக்கிறாள். இழுப்பு. மழை. இழுப்பு. பிறகு, பெட்டியின் அளவுக்கு எட்டாத, ஆகவே பெட்டி மூச்சோடு மூச்சாக வெட்டி எறிந்த ஒரு கிசுகிசுப்பு.

"அம்மா… அந்தப் பம்ப்… கிடைச்சிருந்தா… குடுத்துவிடுங்கோ."

புனிதம் கத்தவில்லை. "ஓம் ராசாத்தி" என்றாள். "இந்தா. இந்தா வாறன்." மாதா சுரூபத்தடியில் இருந்த பம்பை மட்டைப்பெட்டியைப் பிய்த்து எடுத்தாள். அவசரத்தில் அது கீழே விழுந்தது. பொறுக்கிக்கொண்டு அறைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு தானே சாத்திக்கொண்டது.

உள்ளே பம்பை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

புஸ்.

"இழு. நல்லா இழு. பிடிச்சு வைச்சிரு."

புஸ்.

மூச்சு கொஞ்சம் இளகியது. இன்னும் கொஞ்சம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்துப் புனிதம் வெளியே வந்தாள். பம்பை றஞ்சனியின் மடியில் வைத்துவிட்டு, தரையில் இருந்தாள். றஞ்சனி அதை ஆட்டிப் பார்த்தாள். சற்று முன் வரை யாரும் தொடாத புதுப் பம்ப், ஆனால் எடையே இல்லை. உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

"பாதரிட்டைச் சொல்லுங்கோ பிள்ளை," என்றாள் புனிதம். "மாதாமாதம் அவளின்ரை சுகத்துக்கெண்டு பூசை ஒப்புக்குடுக்கிறனான். இந்த மாதம் அப்படி வாசிக்க வேண்டாம்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்துமம் இளைப்பாற எண்டு வாசிக்கச் சொல்லுங்கோ."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். றஞ்சனியும் பக்கத்தில் இருந்து அழுதாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் அந்த மனுசி மன்னித்துவிடுவாள் என்பது தெரிந்ததால் கேட்கவில்லை.

நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுருக்குகிற வேலையைப் பெட்டியிலிருந்து கழற்றி எறிந்தாள். பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்த சனத்தில் பாதிப் பேருக்கு இடமில்லை. அப்புத்துரை என்ற கிழவர் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார். றஞ்சனி வாங்கிக்கொண்டாள். இடம் கிடைத்தவர்களின் குரலை மூச்சோடும் செருமலோடும் மூக்கு உறிஞ்சலோடும் அப்படியே அனுப்பினாள்.

லொறி திரும்பி வந்தது. ராசு பெட்டியைக் கையில் கொடுக்கும்போது முகம் சரியில்லை.

"தங்கச்சி, கடைசி ஆளும் கதைச்சு முடிச்சுப் போட்டுது. வயரைக் கழட்டப் போனன். கதிரை வெறுமையாக் கிடக்குது. சிவப்பு லைற் மட்டும் பத்திக்கொண்டு நிக்குது. சில்லும் சுத்துது. நான் நிக்கேல்லை, ஓடியந்திட்டன்."

றஞ்சனி போட்டுப் பார்த்தாள்; மற்றக் குரல்களுக்குப் பின்னால் இன்னொன்று தொடங்கியது. அதை எழுப்பிய ஆள் இல்லை. அதில் சொல்லும் இல்லை. நிலையத்தில் வைத்து அதை முழுக்கக் கேட்க அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது. பெட்டியைத் துவாயால் சுற்றிக் கரியரில் கட்டி, உடையார்கட்டுக்கு மிதித்தாள். படலையைத் தூக்கித் தள்ளினாள்.

இம்முறை மிதித்தது றஞ்சனி. புனிதம் பெட்டியோடு காதை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். மழை இல்லை, பின்னால் இரைச்சல் இல்லை. யாரோ ஒருவர் மூச்சு விடுகிறார். விடுகிறார், இழுக்கிறார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. வெயில் சாய்ந்து பூவரசின் நிழல் வாசல்படிக்கு வந்துவிட்டது.

புனிதம் தலையைத் தூக்கினாள்.

"இழுப்புக் கேக்குதோ பிள்ளை?"

அதே கேள்வி. றஞ்சனியின் கால் மிதிப்பதை விடவில்லை. கண்ணை மூடி, அந்த மூச்சுக்குள் இருந்த எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றையும் எறியாமல் கேட்டாள். அடியில், மிக அடியில், விசில் மாதிரி ஒன்று.

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

"கேக்குது அன்ரி."

"ஓம்," என்றாள் புனிதம். "எனக்கும் கேக்குது. செத்தும் விடேல்லைப் பாருங்கோ, இந்தக் கோதாரித் தொய்வு."

எழும்பினாள். மாதா சுரூபத்தடியில் கிடந்த வெறும் பம்பை எடுத்தாள். அறைக் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நிப்பாட்டிப் போடாதேங்கோ பிள்ளை. மிதியுங்கோ."

றஞ்சனி மிதித்தாள். கண்ணீர் கைபிடியில் விழ விழ மிதித்தாள். அறைக்குள் பம்பை ஆட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லாத பம்ப், ஆட்டினாலும் சத்தம் வராத பம்ப்.

புஸ்.

பெட்டிக்குள் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு இளகி, மெல்ல, நீளமாக வந்தது.